பையில 25 லீற்றர், சாடியில எத்தினை?

கேள்வி: வெள்ளவத்தையில மூண்டாம் மாடி ஃபிளாட்டில இருக்கிறன். பால்கனியில கத்தரியும் பச்சைமிளகாயும் வைப்பம் எண்டு பொட்டிங் மிக்ஸ் (சாடிக்குப் போடுற மண்கலவை) 3 பை வாங்கினன், ஒவ்வொண்டிலையும் 25 லீற்றர் எண்டு பெரிசா அடிச்சிருக்கு. சாடி வாங்கின இடத்தில இது 15 லீற்றர் சாடி எண்டு சொல்லித்தான் தந்தவை. அப்ப 75 லீற்றருக்கு 5 சாடி நிரம்ப வேணும் தானே? நாலு நிரம்பிச்சுது, அஞ்சாவதுக்கு அடியில நாலு விரல் உயரத்துக்குத்தான் மிஞ்சிச்சுது. என்னை ஏமாத்திப்போட்டாங்களா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஏமாத்தியும் இருக்கலாம் தங்கச்சி, ஆனா சாடிக் கணக்கை வச்சு அதைச் சொல்லேலாது. நீங்க சாடியை எப்பிடி நிரப்பினனீங்கள் எண்டு எழுதேல்ல, ஆனா எல்லாரும் செய்யிறது ஒண்டுதான்: ரெண்டு கை அள்ளிப் போடுறது, உள்ளங்கையால அமத்துறது, கண்டை வச்சு சுத்திவரப் போட்டு திரும்ப அமத்துறது, தண்ணி ஊத்தினவுடன அது இன்னும் ரெண்டு விரல் இறங்க, மேல இன்னும் கொஞ்சம் போடுறது. பொட்டிங் மிக்ஸ் எண்டுறதில பாதிக்கு மேல இடைவெளிதான், அதில காத்தும் தண்ணியும் இருக்கும், அமத்தினா முதல்ல போறது காத்துதான். பையில போட்டிருக்கிற லீற்றர் அமத்தாமல் உதிரியா இருக்கிற அளவு. உங்கட நாலு சாடி 60 லீற்றர், அதோட அந்த மிச்சம், 75க்கு இவ்வளவு குறையுறது அமத்தினதாலேயே வரக்கூடியது. சாடிக்காரர் சொன்ன 15 லீற்றரும் விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தின கணக்கோ, வாய்க்கு வந்த கணக்கோ தெரியாது, மேல வாய் 30 சென்டிமீற்றர், அடி 20, உயரம் 28 இருக்கிற சாடிக்கு கிட்டத்தட்ட 14 லீற்றர்தான் வரும். அப்பிடிப் பாத்தா உங்கட நாலு சாடியில இறங்கினது 56 லீற்றர்தான், குறை இன்னும் கூடத் தெரியும், ஆனா அதையும் பையின்ர தலையில போடேலாது, அமத்தினது நீங்கள்.

லீற்றர்ல விக்கிற வழக்கம் ஐரோப்பாவில கனகாலமா இருக்கு, அதுக்கெண்டு அங்க ஈ.என். 12580 எண்டு ஒரு நியமமும் வச்சிருக்கினம். 20 லீற்றர் பிடிக்கிற நேரான உருளை ஒண்டு, அதுக்கு மேல ஒரு வளையம், சாமான் பொத்தெண்டு விழாமல் ஒரே மாதிரி உதிர்ந்து விழ ஒரு வலை. மேல வரைக்கும் உதிர விட்டு, வளையத்தைக் கழட்டி, நேரான தட்டால விளிம்போட வழிச்சு விட்டுட்டு நிறுப்பினம். தட்டக்கூடாது, குலுக்கக்கூடாது, அமத்தக்கூடாது. அதில ஒரு லீற்றர் எத்தினை கிராம் எண்டு வந்திடும், பிறகு முழுப் பையின்ர நிறையை அதால பிரிச்சா பையில எத்தினை லீற்றர் எண்டு வரும். முழுப் பையையும் ஒருத்தரும் அளவுப் பாத்திரத்தில கொட்டி அளக்கிறேல்ல.

இதையே நீங்க வீட்டில செய்யலாம், இன்னும் பை வாங்கினா சாடியில போட முதல் செய்து பாருங்கோ. வெளிநாட்டுக்குப் போறவைக்காக சூட்கேஸ் தூக்கி நிறுக்கிற தொங்கு தராசு ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலையும் கிடக்கும், அது காணும். ஒரு வாளியை எடுத்து 1.5 லீற்றர் தண்ணிப் போத்திலால விளிம்பு வரைக்கும் ஊத்தி எத்தினை போத்தில் பிடிக்குதெண்டு எண்ணுங்கோ, 10 போத்தில் பிடிச்சா அது 15 லீற்றர் வாளி. வாளியை நல்லாத் துடைச்சு வெறும் வாளியை நிறுங்கோ. முழுப் பையையும் நிறுத்து எழுதி வைச்சிட்டு, விரிச்ச பேப்பரில கொட்டி கட்டியளை கையால உதிருங்கோ, இது முக்கியம், லொறியில அடுக்கி வந்த பை, அதுவும் அடியில கிடந்த பை எண்டா இறுகிப்போய்த்தான் இருக்கும், நீங்க அதை அப்பிடியே அள்ளினா அளவு குறையத்தான் காட்டும். பிறகு ஒரு சாண் உயரத்தில இருந்து வாளிக்குள்ள உதிர விட்டு, அடிமட்டத்தால வழிச்சு, நிறுங்கோ. உதாரணத்துக்கு வாளியைக் கழிச்சு 8 கிலோ வந்தது, முழுப் பையிலயும் இருந்தது 12 கிலோ எண்டு வைப்பம். 12ஐ 8ஆல பிரிச்சு 15ஆல பெருக்கினா 22.5 லீற்றர். 25 எண்டு போட்ட பைக்கு இது பத்தில ஒரு பங்கு குறைவு, கேக்கவேண்டிய குறைவுதான். 24.5 வந்தா நான் வாயைத் திறக்கமாட்டன், ஏனெண்டா வீட்டுத் தராசும் வீட்டு வாளியும் அவ்வளவு பிழை விடும். ஒரு பையோட முடிவு எடுக்கவும் வேண்டாம். ஐரோப்பாவில பொதி செய்த சாமானுக்கு சட்டம் பாக்கிறது சராசரியை, அதாவது ஒரு தொகுதியின்ர சராசரி சொன்ன அளவுக்குக் குறையக்கூடாது, தனிப் பை கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா ஒரு எல்லை வரைக்கும் பொறுக்கும்.

கேள்வி: லண்டனில இருக்கிற தம்பி 50 லீற்றர் பையில கொம்போஸ்ட் வாங்குறவர், அங்கயும் குறையுது எண்டு புலம்புறவர். இங்க நான் வாங்குறது கிலோக் கணக்கில. தராசு பொய் சொல்லாது, அப்ப நாங்கள்தான் கெட்டிக்காரர் எண்டு அவருக்குச் சொல்லலாமோ?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சொல்லாதேங்கோ அண்ணை, அவர் திருப்பிக் கேட்டா பதில் இருக்காது. தராசு பொய் சொல்லாது, ஆனா தண்ணியையும் சேத்துத்தான் நிறுக்கும். 10 கிலோ பையில 25 வீதம் ஈரம் எண்டா உங்களுக்குக் கிடைக்கிற காய்ஞ்ச கொம்போஸ்ட் ஏழரைக் கிலோ. அதே 10 கிலோவில 45 வீதம் ஈரம் எண்டா அஞ்சரைக் கிலோதான், ரெண்டு கிலோ காசுக்கு குழாய்த் தண்ணி வாங்கியிருக்கிறீங்கள். தராசு ரெண்டுக்கும் 10 எண்டுதான் காட்டும். எங்கட நாட்டில 2003ல வந்த எஸ்.எல்.எஸ். 1246 நியமத்தில கொம்போஸ்டுக்கு ஈரம் 25 வீதத்துக்கு மேல போகக்கூடாது எண்டும் மணல் 10 வீதத்துக்குள்ள இருக்கவேணும் எண்டும் வச்சிருந்தவை. லண்டன்காரர் லீற்றருக்குப் போனதுக்கும் காரணம் இந்த ஈரம்தான், அங்கத்தைக் கலவையில வாற பீட் (சதுப்பு நிலத்தில உக்கின பாசி) தன்ர நிறையைப்போல பல மடங்கு தண்ணி குடிக்கும், மழையில நனைஞ்ச பையும் வெயிலில கிடந்த பையும் ஒரே நிறை வராது, ஆனா உதிரியா அளந்தா லீற்றர் அவ்வளவா மாறாது.

2021 மே மாசம் ரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டினவுடன சந்திக்குச் சந்தி கொம்போஸ்ட் பை முளைச்சது ஞாபகம் இருக்கும், நவம்பரில தடையை எடுத்தாப் பிறகும் அந்தப் பையளில கனக்க கடையளில தங்கிட்டுது, லேபிளே இல்லாததும் இருக்கு. அதால கையில எடுத்துப் பாருங்கோ. ஒரு பிடி இறுக்கிப் பிடிச்சு விரல் இடுக்கால தண்ணி கசிஞ்சா வைச்சிட்டு வாங்கோ. வாங்கினாப் பிறகு 100 கிராம் சமையல் தராசில நிறுத்து தட்டில பரப்பி நல்ல வெயிலில நாள் முழுக்க வைச்சு திரும்ப நிறுங்கோ. ஆய்வுகூடத்தில 105 பாகை அவணில காய வைப்பினம், வெயிலில அவ்வளவு காயாது, அதால வெயிலிலயே 40 கிராம் போயிட்டுது எண்டா உண்மையில ஈரம் அதைவிடக் கூட. மணலுக்கு, கண்ணாடிப் போத்திலில கால்வாசி கொம்போஸ்ட் போட்டு தண்ணி விட்டுக் குலுக்கி மேசையில வையுங்கோ. மணல் உடன அடியில போய்ப் படியும், கறுப்பு மேல மிதக்கும் இல்லாட்டி ஆறுதலா இறங்கும். அடியில வெள்ளையா தடிப்பா ஒரு பட்டை தெரிஞ்சா அந்தக் கடைப்பக்கம் போகாதேங்கோ. நிறைக்கு மணல் சேர்க்கிறது லேசு, மணலுக்கு நிறை கூட எல்லோ.

கேள்வி: பை வாங்கி வைச்சு ரெண்டு மாசத்தில தொளதொள எண்டு ஆயிட்டுது. கடைக்காரர், கொம்போஸ்ட் எண்டா சுருங்கும் எண்டுறார். உண்மையோ?
- வாசகி, தெஹிவளை

பதில்: பாதி உண்மை. அடுக்கி வைச்சா இறுகும், அது உதிர்த்துவிட்டா திரும்பி வரும். உதிர்த்தும் வரேல்ல எண்டா அது இன்னும் உக்கிக்கொண்டிருக்கிற சாமான், அரைவேக்காட்டில பையில போட்டிருக்கினம், அப்ப உண்மையாவே பொருள் குறையும். பைக்குள்ள கையை விட்டுப் பாருங்கோ, சூடா இருந்தாலோ மூக்கைப் பிடிக்கிற அமோனியா மணம் அடிச்சாலோ அதுதான் விஷயம். அதைக் கண்டோட போடாமல் ஒரு மூலையில ஈரமா மூடி இன்னும் சில கிழமை விடுங்கோ.

கேள்வி: தியத்த உயனப் பக்கம் செடி வாங்கப் போனா எல்லாரும் கோகோபீட் (தென்னந்தும்புத் தூள்) கட்டி வாங்கச் சொல்லுறாங்கள். அது மலிவோ?
- வாசகர், பத்தரமுல்லை

பதில்: லீற்றர்க் கணக்குக்கு மலிவுதான். 5 கிலோக் கட்டி ஒண்டு தண்ணியில ஊறினா பொதுவா 70 லீற்றர் அளவுக்கு வரும், 650 கிராம் சின்னக் கட்டி 8, 9 லீற்றர். உதிராமல் நடுவில கட்டியா விட்டா குறையும், கொஞ்சங் கொஞ்சமா தண்ணி விட்டு உதிருங்கோ. ஆனா அதில சத்து எண்டு பெரிசா ஒண்டும் இல்ல, உப்பும் இருக்கும், ரெண்டு தரம் அலசித்தான் பாவிக்கவேணும், கொம்போஸ்ட் கலக்காமல் அதில மட்டும் கத்தரி வைச்சா பிறகு எனக்குக் கடிதம் எழுதாதேங்கோ.

கேள்வி: அளந்து பாத்து குறைவு எண்டு தெரிஞ்சா எங்க போறது?
- வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: முதல்ல கடைக்கு, பில்லோட. அங்க சரிவரேல்ல எண்டா பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின்ர 1977க்கு அடியுங்கோ. அளவு நிறை விஷயம் எண்டா அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இருக்கு, 1995ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் அவையின்ர கையிலதான். ஒண்டு மட்டும் கவனியுங்கோ, நீங்க உடைச்சுக் கொட்டின பையைக் காட்டி ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது. அதே தொகுதி இலக்கம் உள்ள இன்னொரு பையை உடைக்காமல் வையுங்கோ, லேபிளை ரெண்டு பக்கமும் ஃபோனில படம் எடுங்கோ, லேபிளில தொகுதி இலக்கமோ நிகர நிறையோ இல்ல எண்டா அதையே முதல் முறைப்பாடாச் சொல்லுங்கோ.