லிங்கனின் ஒற்றைத் தவணை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆபிரகாம் லிங்கன் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 1847 முதல் 1849 வரை ஒரே ஒரு தவணை இருந்ததாகப் படித்தேன். மெக்சிகோ போரை எதிர்த்ததால் தொகுதி மக்களே அவரைத் தோற்கடித்தார்கள் என்பது உண்மையா?

மு.

அன்புள்ள மு.,

தோற்கடிக்கவில்லை, 1848இல் அவர் போட்டியிடவே இல்லை. இல்லினாய்ஸ் மாநிலத்தில் லிங்கனின் கட்சியான விக் கட்சிக்கு உறுதியாக இருந்த தொகுதி அது ஒன்றுதான் என்பதால், ஹார்டின், பேக்கர், லிங்கன் ஆகிய மூவரும் ஆளுக்கொரு தவணை என்ற புரிதலோடு அதைப் பகிர்ந்துகொண்டனர். ஆனாலும் 1848 ஜனவரி 8 அன்று தன் வழக்கறிஞர் கூட்டாளி ஹெர்ண்டனுக்கு எழுதிய கடிதத்தில், வேறு யாரும் விரும்பாவிட்டால் மக்கள் தன்னை மீண்டும் அனுப்புவதை மறுக்க இயலாது, ஆனால் பிறரோடு போட்டிக்கு நிற்பதற்குக் கொடுத்த வாக்கு இடம்தராது என்கிறார். ஆசை இருந்திருக்கிறது, அதை மறைக்கத் தெரியாத நேர்மையும் இருந்திருக்கிறது.

போர் குறித்த பழி பொய்யல்ல. அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தப்பட்டது என்று ஜனாதிபதி போல்க் கூறியபோது, அந்த மண் எந்த இடம் என்று காட்டுமாறு 1847 டிசம்பரில் லிங்கன் தீர்மானங்கள் கொண்டுவந்தார். போல்க் பதிலளிக்கவில்லை, எதிர்க்கட்சிப் பத்திரிகைகள்தான் அந்த 'இடம்' என்ற சொல்லை வைத்தே லிங்கனுக்குக் கேலிப்பெயர் சூட்டின. படைகளுக்கான செலவுக்கு அவர் ஆதரவாகவே வாக்களித்தார் என்பதை அவை பொருட்படுத்தவில்லை. அடுத்த தேர்தலில் விக் வேட்பாளராக நின்ற லோகன், மெக்சிகோவில் போரிட்டுத் திரும்பிய ஹாரிஸிடம் சொற்ப வாக்குகளில் தோற்றார். நீங்கள் கேள்விப்பட்ட கதை லோகனின் தோல்வியை லிங்கனின் கணக்கில் எழுதுகிறது என்றே நினைக்கிறேன்.

என் பார்வையில் அத்தவணையின் உண்மையான தோல்வி வேறு. 1849 ஜனவரியில், தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையைப் படிப்படியாக, உரிமையாளர்களுக்கு இழப்பீடு தந்து, வாக்காளர்களின் ஒப்புதலோடு ஒழிக்கும் திட்டமொன்றை அவர் சபையில் படித்தார். தப்பி வரும் அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்கும் விதியும் அதில் இருந்தது, அதுதான் இன்று நம்மைத் தயங்க வைப்பது. அத்தனை சமரசம் செய்தும், ஆதரவளிப்பதாகச் சொன்னவர்கள் விலகிக்கொள்ள, மசோதாவாக அதை அவர் தாக்கல் செய்யவே இல்லை.

பதவிக்காலம் முடிந்ததும் அரசு நில அலுவலகத்தின் ஆணையர் பதவிக்கு முயன்றார். 1848 ஜனாதிபதித் தேர்தலில் விக் வேட்பாளரான டெய்லரின் வெற்றிக்காக அவர் ஊர் ஊராகப் பேசியிருந்தும் அது பட்டர்ஃபீல்டு என்ற வேறொருவருக்குப் போயிற்று. ஈடாக வந்த ஓரிகன் ஆளுநர் பதவியை ஏற்காமல், ஸ்பிரிங்ஃபீல்டில் ஹெர்ண்டனோடு பழைய அலுவலகத்திலேயே வழக்குக் கட்டுகளுக்குத் திரும்பினார்.