புதுச்சேரியில் குழந்தையோடு தனியாக இருந்து படிப்பவருக்குக் குறைந்த வாடகையில் வீடு கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் நீங்கள் வீட்டைத் தேடிப் போகும் இடத்தில் அவர்கள் உங்கள் வீட்டுக்காரரைத் தேடுவார்கள். நம் மொழியில் வாடகை வாங்குபவரும் வீட்டுக்காரர், தாலி கட்டியவரும் வீட்டுக்காரர். இரண்டாமவர் இல்லாமல் முதலாமவர் கதவைத் திறக்க மாட்டார்.

காலாப்பட்டில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது, ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறது, வாடகைக்கு 6,000 ரூபாய்க்கு மேல் முடியாது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா என்றே வைத்துக்கொள்கிறேன். அப்பாவாக இருந்தால் இதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியிருந்தால் மாதம் 37,000 ரூபாயும் அதற்கு மேல் வீட்டு வாடகைப் படியும் வரும், நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள். அதனால் என்னைப் போல நெட் தேறாமல் 8,000 ரூபாய் உதவித்தொகையில் ஓட்டுபவர் என்று எடுத்துக்கொள்கிறேன். விடுதியில் குழந்தைக்கு இடம் கிடையாது. அது பல இடங்களிலும் உள்ள வழக்கம்தான், குறை சொல்லவில்லை.

எனக்குச் சொந்த ஊர் கடலூர். முதல் இரண்டு மாதம் திருப்பாப்புலியூரிலிருந்தே போய்வந்தேன். பாண்டி பஸ், அங்கே இறங்கி காலாப்பட்டுக்கு இன்னொரு பஸ். நான் கிளம்பும்போதும் பையன் தூங்கிக்கொண்டிருப்பான், திரும்பும்போதும் தூங்கியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா. "கடலூரிலேயே இருந்துகொண்டு போய்வரலாமே" என்று உங்களுக்கு யாராவது யோசனை சொன்னால், சொன்னவரை ஒரு வாரம் போய்வரச் சொல்லுங்கள்.

அப்புறம் வீடு தேடினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பதினேழு வீடு. முத்தியால்பேட்டையில் ஒரு மாடி போர்ஷன் பிடித்திருந்தது. பெரியவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். கடைசியில், "வீட்டுக்காரர் எப்பம்மா வந்து பார்ப்பாரு?" என்றார். இல்லை என்றேன். "அப்ப உங்க அப்பாவோ அண்ணனோ வந்து பேசட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டார். எனக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. ஒரு வீட்டில் "ராத்திரி யாராவது வருவாங்களா?" என்று நேராகவே கேட்டார்கள். கேட்டது ஒரு பெண்தான். ஆண்கள்தான் மோசம் என்று நான் எழுதப்போகிறேன் என்று காத்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பதினெட்டாவது வீட்டில் பொய் சொன்னேன். கணவர் துபாயில் இருக்கிறார், பொங்கலுக்கு வருவார். பொய் சொன்னது தப்புதான், கமெண்டில் வந்து பாடம் எடுக்க வேண்டாம். பதினேழு வாசலில் உண்மையைச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். வாடகை 5,000, அட்வான்ஸ் 30,000. இரண்டு வளையல் அடகுக்குப் போனது. வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. மீன் குழம்பு வைத்தால் பையனுக்குக் கிண்ணத்தில் வரும். அதுதான் வினையானது. பொங்கல் நெருங்கியபோது அவர் பையனிடம், "அப்பா உனக்கு என்னடா வாங்கிட்டு வராரு?" என்று கேட்டிருக்கிறார். அவன், "எங்கப்பா பண்ருட்டியில இருக்காரு, அவரு வர மாட்டாரு" என்று சொல்லியிருக்கிறான். அன்று மாலை நான் படியேறும்போது அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள். பெயின்ட் அடிக்க 3,000, முன்கூட்டிச் சொல்லாமல் காலி செய்ததாக ஒரு மாத வாடகை, போக 22,000 கையில் வந்தது. காலி செய்யச் சொன்னவர்களே அவர்கள்தான் என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. பொய் சொன்னவளுக்கு எங்கிருந்து வரும்?

பெண் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதியில் இருக்கிறது. அதில் கொஞ்சத்தை நான் வீடு மாற்றுவதில் கரைத்தேன். நீங்கள் அம்மை, காய்ச்சலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இருக்கும் வீடு லாசுப்பேட்டையில். புரோக்கர் பிடித்துத் தரவில்லை. பாண்லே பூத்தில் பால் வாங்கும்போது பூத்காரரிடம் சும்மா கேட்டு வைத்தேன். ஒரு வாரத்தில், "பின்தெருவுல ஒரு சொல்தா வீட்டு அம்மா தனியா இருக்காங்க, போய்ப் பாருங்க" என்றார். பாண்டிக்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே சொல்தா என்பார்கள். அந்த அம்மாவின் கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் பிரான்ஸில். நான் வாசலில் நின்றபடியே, கணவர் இல்லை, பிரிந்துவிட்டோம், கேஸ் நடக்கிறது, பையன் இருக்கிறான் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பையன் சுவத்துல கிறுக்குவானா?" கிறுக்குவான் என்றேன். மாடி அறைக்கு 5,500 சொன்னார்.

ஆகவே தனியாக இருக்கும் வயதான பெண்களின் வீட்டைத் தேடுங்கள். மளிகைக்கடை, பால் பூத், இட்லிக் கடை ஆயா, இவர்களுக்குத் தெரிந்த வீடுகள் எந்த ஆப்பிலும் வராது. கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரப் பக்கம் கால் வைக்கவே வேண்டாம். சனி ஞாயிறு சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் வருகிற காசு நம் மாத வாடகைக்கு மேல் இருக்கும்போது நமக்கு யார் விடுவார்கள்?

வாடகை குறைவு என்று கோட்டக்குப்பத்தைச் சொல்வார்கள். நல்ல யோசனைதான். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், ஆனால் அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அங்கே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம். உங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டர் இருந்தால்தான் அது உங்களுக்கு. இல்லாவிட்டால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதைக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தால் காலை உணவும் கிடைக்கும். எட்டு மணிக்கு பஸ் பிடிக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் சமைக்க ஆள் வைத்திருப்பவர்களுக்குப் புரியாது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன, கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டின் சமச்சீர் பாடத்திட்டம். எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

தரைத்தளம் மலிவாக வந்தால் சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா பாருங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ரெயின்போ நகரில் இருந்த தோழி குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வெளியே வந்தாள். நான்கு நாள் எங்கள் மாடியில்தான் இருந்தார்கள். லாசுப்பேட்டை மேடு. கொக்கு பார்க்கில் நின்றால் காலாப்பட்டு பஸ்ஸும் கிடைக்கும்.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் தம்பி நிச்சயதார்த்தத்தில் வரிசைத் தட்டு தூக்க ஒன்பது பெண்களைக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கூட தூக்கினாள். சொந்த அக்காவைக் கூப்பிடவில்லை. அந்தத் தட்டுகளுக்குப் பழம் வாங்கியது என் ட்யூஷன் காசு. ஊர்பேர் தெரியாத வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தியதை மறந்துவிட்டேன், இது மறக்கவில்லை. சரி, விடுங்கள்.

வரும் மே மாதம் என் ஆய்வேடு முடிகிறது, ஜூனில் மாடியைக் காலி செய்கிறேன். அந்த அம்மாவிடம் உங்களைப் பற்றிச் சொல்லி வைக்கட்டுமா? உங்கள் குழந்தை சுவரில் கிறுக்குமா என்று மட்டும் எழுதுங்கள்.