புது பெயின்ட் அடித்த பழைய வீடு: வாசகர் கேள்விகள், பதில்கள்

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய ஃபிளாட் வாங்குவது பற்றித்தான். எல்லாம் முதல் வீடு வாங்குகிறவர்கள் எழுதியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

பேங்க் லீகல் பார்த்து லோனும் சாங்ஷன் ஆகிவிட்டது. இதற்கு மேல் தனியாக வக்கீல் வைக்க வேண்டுமா?
– வாசகர், நெல்லித்தோப்பு

வைக்க வேண்டும். பேங்க் வக்கீல் பார்ப்பது பேங்க் கொடுக்கும் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்பதை. கார் நிறுத்தும் இடம் உங்கள் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, மொட்டைமாடியை யாராவது தன் பெயருக்கு எழுதி வைத்திருக்கிறாரா என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. இன்னொன்று, பிரிபடாத நிலப் பங்கு, அதாவது மொத்த மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு எழுதித் தரும் பங்கு. கட்டடத்தை நாளைக்கு இடித்துக் கட்டினால் உங்களுக்கு மிஞ்சப்போவது அதுதான். எல்லா ஃபிளாட்டின் பங்கையும் கூட்டிப் பாருங்கள். மொத்த மனையைவிட அதிகம் வந்தால், இல்லாத நிலத்தை யாருக்கோ விற்றிருக்கிறார்கள். அந்த யாரோ நீங்களாக இருக்கக் கூடாது.

புதுச்சேரி மனை என்பதால் ஒரு வார்த்தை. மூலப்பத்திரம் 1962க்கு முந்தையது என்றால் பிரெஞ்சு மொழியில் இருக்கலாம். முழுதாக மொழிபெயர்த்து வாங்கிப் படியுங்கள். "அது பழசு சார், யாரும் பார்க்க மாட்டாங்க" என்று சொல்கிற புரோக்கரை நம்ப வேண்டாம்.

லாஸ்பேட்டையில் 25 வருடப் பழைய ஃபிளாட், இரண்டாவது மாடி. உள்ளே பூரா புதுப் பெயின்ட், பளிச்சென்று இருக்கிறது. ஒரு முறை போய்ப் பார்த்தோம், இருவருக்கும் பிடித்துவிட்டது. வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?
– இளம் தம்பதி, ரெட்டியார்பாளையம்

பெயின்ட்டுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது.

விற்றுவிட்டுப் போகிறவர் எதற்குக் கைக்காசு போட்டு வீடு முழுக்கப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கிறார்? வீடு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் அடிப்பவர்களும் உண்டு. ஆனால் நம் கடலோர ஊர்களில் பல வீடுகளில் அது எதையோ மூடத்தான். உப்புக் காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். இரும்பு துருவாக மாறினால் முன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து நெட்டித் தள்ளுவதால் முதலில் கம்பியின் நீளத்துக்கு மயிரிழை விரிசல் ஓடும், அப்புறம் காரை பாளம் பாளமாக விழும். அந்த விரிசலில் பட்டியை இழுத்துப் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் வரை வெளியே தெரியாது. அந்த ஒரு மழைக்காலத்துக்குள் பத்திரம் முடிந்துவிடும்.

முத்தியால்பேட்டையில் நான் வாங்கிய வீட்டில் ஹாலுக்கு அழகாக ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள். ஃபேன் மாற்ற எலக்ட்ரீஷியன் ஒரு பலகையைக் கழற்றியபோது மேலே கம்பி எலும்பாகத் தெரிந்தது. துரு செதில் செதிலாகக் கையில் உதிர்ந்தது. விற்றவருக்குத் தெரியும். தெரிந்துதான் மூடினார்.

அதனால் ஒரு முறை பார்த்தால் போதாது. நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். பாத்ரூம் லாஃப்ட்டுக்கு மேலே டார்ச் அடித்துப் பாருங்கள், பெயின்டர் கை அங்கே எட்டியிருக்காது. சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனிக்கு அடியில் உள்ள பீம், மாடிப்படியின் அடிப்பகுதி ஆகியவற்றையும் பாருங்கள். சீலிங்கைக் கம்பின் நுனியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டொப் டொப்' என்று சத்தம் வரும் இடத்தில் காரை பிடிப்பு விட்டிருக்கிறது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவரில் உப்புப் பூத்திருந்தாலோ, அங்கே மட்டும் டைல் ஒட்டியிருந்தாலோ, ஓதம் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். கீழ் வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். உங்கள் பாத்ரூம் கசிவது அவர் சீலிங்கில்தான் தெரியும்.

காரை பெயர்ந்திருப்பதாலேயே வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டி, என்ன செலவாகும் என்று எழுதி வாங்கி, அதை விலையில் குறையுங்கள். சரியான வேலை என்றால் கெட்ட காரையைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுக்க வேண்டும், துருவைச் சுரண்ட வேண்டும், கம்பிக்குத் துருத் தடுப்புப் பூச வேண்டும், பிறகு பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். "மேலாக ஒரு பூச்சு போட்டுடலாம் சார்" என்கிற மேஸ்திரியை அனுப்பிவிடுங்கள்.

ரெயின்போ நகரில் தரைத்தளம் ஐந்து லட்சம் குறைவாக வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, சாரம்

வேண்டாம். 2024 ஃபெஞ்சல் புயலின்போது அங்கே தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாலே போதும்.

ஓனர் பிரான்சில் இருக்கிறார். அவர் தம்பி பவர் (அவருக்காகச் செயல்பட எழுதித் தந்த அதிகாரப் பத்திரம்) வைத்துக்கொண்டு விற்கிறார். 62 லட்சம். விலையில் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டினால் போதும் என்கிறார்கள்.
– வாசகர், மூலக்குளம்

போதாது. 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் என்பது இங்கே வசிக்கிறவரிடம் வாங்கும்போது. வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கினால் விகிதம் அதைவிடப் பல மடங்கு. அந்த 50 லட்ச வரம்பும் இல்லை. குறைவாகப் பிடிக்க வேண்டுமானால் வருமான வரித் துறையிடம் விற்பவர் சான்று வாங்கித் தர வேண்டும். பிடிக்காமல் விட்டால் பாக்கியை உங்களிடம்தான் கேட்பார்கள். ஆடிட்டரைப் பாருங்கள்.

பவரில் மூன்று விஷயம். அது விற்கும் அதிகாரத்தைத் தெளிவாகத் தருகிறதா? அங்கே கையெழுத்தானது இங்கே வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியதா? எழுதிக் கொடுத்தவர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்தால் பவரும் போச்சு. வீடியோ காலில் அண்ணனிடமே பேசிவிடுங்கள். வெறும் பவரை எழுதி வாங்கிக்கொண்டு வீடு என்னுடையது என்று இருந்துவிடாதீர்கள். அது உரிமை தராது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவான கிரயப் பத்திரம் வேண்டும்.

புரோக்கர் அவசரப்படுத்தியதால் 2 லட்சம் டோக்கன் அனுப்பிவிட்டேன். ரசீது இல்லை. பத்திரம் இன்னும் பார்க்கவில்லை. இப்போது போனை எடுப்பதில்லை.
– வாசகர், செம்மண்டலம்

பத்திரத்தைப் பார்க்காமல் 2 லட்சம். கடலூரில் வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம், அதைக்கூடச் செய்யவில்லை. சரி, பணம் யார் கணக்குக்குப் போனது? ஓனருக்கு என்றால் ஓனர், புரோக்கர் இருவருக்கும் வக்கீல் நோட்டீஸ். புரோக்கருக்கு என்றால் போலீஸில் எழுத்துப் புகார். வாட்ஸப் பேச்சில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுவும் பேங்க் ஸ்டேட்மெண்டும்தான்.

ஓனர் பத்து லட்சத்தைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கேட்கிறார். பத்திரச் செலவு மிச்சமாகும் என்கிறார்.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

தமிழ்நாட்டில் பழைய வீட்டுக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பத்து லட்சத்துக்கு மிச்சம் 90,000. அதற்காகப் பத்து லட்சத்துக்கு எந்த எழுத்தும் இல்லாமல் நிற்கப் போகிறீர்களா? சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதே சட்டப்படி கூடாது, பணம் வாங்கிய விற்பவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாக இருப்பதால் உங்களுக்குத்தான் கூடுதல் வரி. முடியாது என்று சொல்லுங்கள்.

கிச்சனுக்குத் தண்ணீர் தாங்கும் ப்ளைவுட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, கோரிமேடு

பலகையில் ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை இருக்க வேண்டும், பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். நான் வாங்கியதில் பலகை மேல் முத்திரை இருந்தது. இரண்டு மழைக்காலத்தில் சிங்க் அடியில் ஏடு ஏடாகப் பிரிந்தது. பில்லில் வெறும் 'ப்ளைவுட்' என்று இருந்ததால் கடைக்காரர் கைவிரித்துவிட்டார்.

அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வந்த பணத்தில் மஞ்சக்குப்பத்தில் பழைய ஃபிளாட் வாங்கினேன். மொட்டைமாடி ஒழுகுகிறது என்று வாட்டர்ப்ரூஃப் செய்ய ஒருவருக்கு 1,40,000 கொடுத்தேன். பத்து வருட வாரண்டி என்று பில்லில் எழுதினார். முதல் மழையிலேயே ஒழுகுகிறது. கேட்டால் "உங்க கட்டடமே சரியில்லம்மா" என்கிறார். என் தப்புதானா?

இல்லை அம்மா, உங்கள் தப்பு இல்லவே இல்லை. கட்டடம் சரியில்லை என்று தெரிந்திருந்தால் பணம் வாங்கும் முன் அவர் சொல்லியிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் தண்ணீர் கட்டி ஒரு நாளாவது நிறுத்திக் காட்டியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

விற்றவர் தனி ஆள் என்பதால் வீட்டைப் பற்றி நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. ஆனால் இவர் காசு வாங்கிச் செய்தது சேவை. அதற்குப் போகலாம். ஒழுகும் இடத்தைத் தேதியோடு படம் எடுங்கள். 15 நாளில் சரிசெய்து தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பி ரசீதை வையுங்கள். மசியவில்லை என்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, தமிழில் எழுதலாம். 2 வருடக் கெடு இருக்கிறது, ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். 1915 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். அந்தப் பில்லின் நகலை எனக்கு அனுப்புங்கள், கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.

ரிஜிஸ்ட்ரேஷன் அடுத்த மாதம். ஓனர் சாவி கொடுத்துவிட்டார். ஹாலையும் கிச்சனையும் பிரிக்கும் சுவரை இப்போதே எடுத்துவிடலாமா?
– வாசகர், புதுப்பாளையம்

கூடாது. பத்திரம் முடியும்வரை அது அடுத்தவர் சுவர். முடிந்த பிறகும், அது பாரம் தாங்கும் சுவரா என்று பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை சுத்தியலைத் தொடாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் இன்னும் இரண்டு குடும்பம் இருக்கிறது.