ஒரு கையெழுத்து போதாது, பத்து வேண்டும்

வணக்கம் நண்பரே. பதிவு பெற்ற, ஆனால் அங்கீகாரம் இல்லாத கட்சி சார்பில் சட்டமன்றத்துக்கு நிற்கிறேன், வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட ஒருவர் போதும் என்கிறார்களே, சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரியில்லை. அந்தச் சலுகை அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத்தான். உங்களுக்கும் சுயேச்சைகளுக்கும் 10 பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும்.

இதில்தான் நாங்கள் ஒருமுறை மாட்டிக்கொண்டோம். டீக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் ஆசையாகக் கையெழுத்துப் போட்டார். கடை எங்கள் தொகுதியில், அவர் ஓட்டோ ரோட்டுக்கு அந்தப் பக்கம், அடுத்த தொகுதியில். பரிசீலனையில் மனு தள்ளுபடி. இரண்டு மாதம் வீடுவீடாக நடந்த உழைப்பு அரை மணி நேரத்தில் போனது, இன்றும் வயிறு எரிகிறது. அதனால் ஒவ்வொருவர் பெயரையும் பாகம் எண், வரிசை எண்ணோடு இப்போதைய வாக்காளர் பட்டியலில் நீங்களே விரல் வைத்துப் பாருங்கள், யார் சொல்வதையும் நம்பாதீர்கள். ஒரே வேட்பாளர் 4 மனு வரை தரலாம், டெபாசிட் ஒருமுறை கட்டினால் போதும் (10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000), ஆகவே வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனுவும் கண்டிப்பாகப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு, மனு போடுவதற்கு ஒரு நாள் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும். தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள், விட்டால் 3 ஆண்டு தகுதி நீக்கம் வரும்.