டிஸ்க்கில் இருந்து லினக்ஸின் புதுப் பதிப்பைப் போடும்போது புதிதாக இன்ஸ்டால் செய்வதா, இருப்பதையே அப்கிரேடு செய்வதா?

முதலில் உங்கள் ஹோம் (உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் /home ஃபோல்டர்) தனிப் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கின் தனிப் பகுதியில், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயங்காமல் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். உபுண்டு, டெபியன் என்ற இரண்டு லினக்ஸ் வகைகளிலும் இரண்டு வழிகளிலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்ஸ்டாலரில் பார்ட்டிஷனை நாமே தேர்ந்தெடுக்கும் வழியில் போக வேண்டும். அங்கே உபுண்டுவில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் எதிரே ஃபார்மேட் செய்யவா (இருப்பதை அழித்துவிடவா) என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ரூட்டுக்கு, அதாவது லினக்ஸ் சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனுக்கு, டிக் போடுங்கள். ஹோமுக்கு மவுண்ட் பாயின்ட் (அது எந்த ஃபோல்டராகத் தெரிய வேண்டும் என்பது, இங்கே /home) மட்டும் கொடுங்கள், டிக் வேண்டாம். அடுத்த பட்டனை அழுத்துவதற்கு முன் அந்தக் கட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். பல வருடப் படங்களும் கோப்புகளும் அந்த ஒரு டிக்கில்தான் இருக்கின்றன. பேக்கப்பை வேறொரு டிஸ்க்கில் எடுத்துவிட்டே உட்காருங்கள். பயனர் பெயரும் பழையதாகவே இருக்கட்டும். முதல் பயனருக்கு வழக்கமாக 1000 என்ற எண்தான் கிடைக்கும் என்பதால், பழைய கோப்புகள் எல்லாம் சிக்கலில்லாமல் உங்கள் பெயரிலேயே திறக்கும்.

அப்கிரேடு மோசம் என்று சொல்ல வரவில்லை. டேட்டாபேஸ், வெப் சர்வர் என்று நிறைய அமைத்து வைத்த கணினியென்றால் அதுதான் சரி. ஆனால் நடுவில் அது கேட்கும் கேள்விகளை நிதானமாகப் படிக்க வேண்டும். "இந்த கன்ஃபிக் (அமைப்பு) கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதியதைப் போடவா?" என்று கேட்டபோது ஒருமுறை அவசரத்தில் ஒய் (Y) அழுத்திவிட்டேன். குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியலான கிரான்டேபில் நான் எழுதி வைத்திருந்த பேக்கப் வரி போய்விட்டது. பழைய கோப்பு டிபிகேஜி-ஓல்ட் (.dpkg-old) என்ற வாலோடு பக்கத்திலேயே இருந்ததால் மீட்க முடிந்தது. அந்தக் கேள்வி வரும்போது டி (D) அழுத்தினால் பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று காட்டும். பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ரொம்பப் பழைய பதிப்பில் இருந்தால் வேறு கணக்கு. டெபியன் 11-இல் இருந்து நேரே 13-க்குத் தாவ முடியாது, 12 வழியாகத்தான் போக வேண்டும். உபுண்டு 20.04-இல் இருப்பவரும் 22.04-ஐத் தொட்டுத்தான் 24.04-க்கு வர முடியும். இரண்டு முறை அப்கிரேடு செய்யும் நேரத்தில் ஒரு புது இன்ஸ்டாலே முடிந்துவிடும்.

அப்புறம், உபுண்டு 24.04 டெஸ்க்டாப்பின் இன்ஸ்டால் கோப்பு 4.7 ஜிபி டிவிடியில் அடங்காது. 8 ஜிபி பென்டிரைவ் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன் ஷா256 செக்சம்மையும் (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எண்) சரிபார்த்துவிடுங்கள்.