மின்சாரக் காரிலிருந்து மீண்டும் பெட்ரோலுக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பத்து வருடங்களாக இருக்கிறேன். சொந்த ஊர் திருச்சி, மென்பொருள் வேலை. கார்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறவன் என்பதால் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது.

மூன்று வருட லீஸில் போர்ஷே டைக்கான் 4எஸ் என்ற மின்சாரக் கார் வைத்திருந்தேன். லீஸ் முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செகண்ட் ஹேண்டில் அதே போர்ஷேயின் 718 கேமன் ஜிடிஎஸ் 4.0 வாங்கினேன். பெட்ரோல், ஆறு சிலிண்டர், மேனுவல் கியர். டைக்கானில் ஒரு குறையும் இல்லை. ஒருநாளும் வழியில் நின்றதில்லை, சார்ஜ் போடுவதும் சிரமமாக இருந்ததில்லை. ஆனால் முதல் வருடம் முடிவதற்குள்ளேயே, சும்மா ஒரு சுற்று போய்வரலாம் என்ற ஆசை போய்விட்டது. போக வேண்டிய இடத்துக்குப் போனேன், வந்தேன், அவ்வளவுதான். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து ஷ்வார்ட்ஸ்வால்ட் (கருங்காடு) மலைச்சாலைக்குப் போய்விடுகிறேன். போகவர 250 கிலோமீட்டர் ஆகிறது. வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம்.

எங்கள் வட்டாரத்தில் எல்லாரையும் மின்சாரக் காருக்கு மாறச் சொல்லி ஓயாமல் பேசியவன் நான். இப்போது "நீயா இப்படி?" என்று கேட்கிறார்கள். பேட்டரிக்காகத் தோண்டும் சுரங்கங்களால் பாதிப்பு இல்லையா, மின்சாரம் நிலக்கரியிலிருந்தும் வருகிறதே, நாளைக்குச் செயற்கைப் பெட்ரோல் வந்துவிடும் என்றெல்லாம் பதில் சொல்கிறேன். சொல்லும்போதே மனம் ஒப்பவில்லை. தினமும் 9 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அலுவலகத்துக்கும் கேமனில்தான் போகிறேன். நான் பின்னோக்கிப் போய்விட்டேனா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஆர்., ஸ்டுட்கார்ட்

*

அன்புள்ள ஆர்.,

கேமன் வாங்கியதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் நண்பர்களிடம் நீங்கள் சொல்லும் மூன்று காரணங்களும் நிற்காது, அவற்றை விட்டுவிடுங்கள். உங்களிடம் இருப்பது ஒரே காரணம்: இந்தக் காரை ஓட்டும்போது சந்தோஷமாக இருக்கிறது. அதை மட்டும் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் சுரங்கத்தையும் நிலக்கரியையும் துணைக்கு அழைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கலாம். நிச்சயமாக வேகத்திலிருந்து வரவில்லை. முதலில் வந்த டைக்கான் 4எஸ் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 4 நொடி, உங்கள் கேமனுக்கு 4.5 நொடி. அதே டைக்கானில் டர்போ எஸ் என்றால் 2.8 நொடி. மெதுவான வண்டிக்கு மாறித்தான் விடியற்காலையில் எழுந்திருக்கிறீர்கள். நேர்ச்சாலை வேகத்தில் மின்மோட்டார் ஜெயித்துப் பல வருடங்கள் ஆகின்றன, அதில் இனி விவாதிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேகத்தை எடுக்க ஓட்டுகிறவர் செய்ய வேண்டியதெல்லாம் காலை அழுத்துவது மட்டும்தான். முதல் மாதம் வயிற்றைக் கலக்கும், கூட வருகிறவர்கள் கத்துவார்கள். பிறகு பழகிவிடும். அதில் நாளுக்கு நாள் தேறுவதற்கு எதுவும் கிடையாது.

பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை மலைமுகட்டிலேயே போகும் பி500 சாலைதான் நீங்கள் சொல்லும் சாலையாக இருக்க வேண்டும். நான்காவது கியரில் வருகிறீர்கள், எதிரே இடப்பக்கம் மடங்கும் வளைவு. வலது காலின் முன்பாதம் பிரேக்கை அழுத்துகிறது. இடது கால் கிளட்சை மிதிக்கிறது, கை மூன்றாவது கியருக்குப் போகிறது. அதே நேரத்தில், பிரேக்கை விடாமலேயே, வலது பாதத்தின் ஓரம் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறது. எஞ்சின் சுற்று, அதாவது அது சுழலும் வேகம், மேலே ஏறுகிறது, ஏறிய இடத்தில் கிளட்சை விடுகிறீர்கள். அந்தச் சுற்று சக்கரத்தின் வேகத்துக்குச் சரியாகப் பொருந்தினால் பக்கத்தில் இருப்பவரின் தலைகூட அசையாது. சுற்று குறைந்துபோனால் வண்டி குலுங்கும், பின்சக்கரம் ஒரு வெட்டு வெட்டும். இதெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் நடக்கிறது, அடுத்த வளைவில் மறுபடியும் முதலிலிருந்து. கேமனில் அந்தத் தட்டைத் தானே போட்டுக்கொடுக்கும் வசதி உண்டு. அதை அணைத்துவைத்துப் பழகுங்கள், உங்களுக்குப் பிடிக்கும்.

ஹூண்டாய் ஐயோனிக் 5 என் என்ற மின்சாரக் காரில் எட்டு கியர் இருப்பதுபோல ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கியர் மாற்றும்போது உலுக்கும், ஸ்பீக்கரில் எஞ்சின் சத்தம் வரும், நேரத்தில் மாற்றாவிட்டால் சுற்று மேலே முட்டி நிற்கும். மின்மோட்டாருக்கு இதில் எதுவுமே தேவையில்லை. பலர் இதைப் பொம்மை விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஓட்டுகிறவரின் கைக்கும் காலுக்கும் எந்த வேலை இல்லாமல் போனது என்பதை அந்தப் பொறியாளர்கள் துல்லியமாகப் பிடித்திருக்கிறார்கள்.

அவர்களாலும் சேர்க்க முடியாத ஒன்று இருக்கிறது. எடைக்குறைவு. உங்கள் மாற்றத்தில் கியரைவிட இதற்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கருத்து.

பெரிய பேட்டரி போட்ட முதல் டைக்கான் 4எஸ்ஸின் எடை சுமார் 2,220 கிலோ. மேனுவல் கேமன் ஜிடிஎஸ் 4.0 சுமார் 1,405 கிலோ. இடையில் உள்ள வித்தியாசம் ஒரு மாருதி ஆல்டோ 800-இன் மொத்த எடையைவிட அதிகம். டைக்கானின் பேட்டரி மட்டும் 630 கிலோ, அதில் நிற்பது 93.4 கிலோவாட் மணி மின்சாரம். அதாவது கிலோவுக்கு 0.15 கிலோவாட் மணிகூட இல்லை. பெட்ரோலில் ஒரு கிலோவுக்குச் சுமார் 12 கிலோவாட் மணி இருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் இரண்டு பங்கை வெப்பமாக வீணடித்தாலும் கேமனின் 64 லிட்டர் டேங்க் நிறைய ஊற்றினால் 50 கிலோகூட வராது, ஓட ஓட அதுவும் குறையும். பேட்டரி காலியானாலும் அதே 630 கிலோதான்.

போர்ஷே பொறியாளர்கள் அந்த எடையை ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் ஆக்க என்னென்னவோ செய்தார்கள். பேட்டரியைத் தரையோடு தரையாக வைத்தார்கள், ஏர் சஸ்பென்ஷன் கொடுத்தார்கள், பின்சக்கரமும் திரும்பும் வசதியைக் கொடுத்தார்கள். உண்மையிலேயே பெரிய சாதனை அது. ஆனால் இரண்டே கால் டன் வண்டி அடுத்தடுத்த வளைவுகளில் பக்கம் மாறும்போது கம்ப்யூட்டர் அதைச் சமாளிக்கிறது, உங்களுக்குச் சேதி வருவதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பழைய ஸ்விஃப்ட் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். அது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, வேகமும் இல்லை. ஆனால் டயர் எங்கே பிடிக்கிறது, எங்கே விடப்போகிறது என்பது ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் உடனே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் செய்த ஒப்பீடே நியாயமானதல்ல. டைக்கான் நான்கு கதவு, நான்கு இருக்கை உள்ள பெரிய கார். கேமன் இரண்டு பேர் உட்காரும், நடுவில் எஞ்சின் வைத்த சின்ன கார். டைக்கானை போர்ஷேயின் இன்னொரு நான்கு கதவுக் காரான பனமேராவோடு ஒப்பிட வேண்டும். பனமேரா பெட்ரோல் கார்தான், அதுவும் இரண்டு டன்னை நெருங்கும். டைக்கானுக்குப் பதில் பனமேரா எடுத்திருந்தால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்திருக்க மாட்டீர்கள். மறுபக்கம், 2008-இல் வந்த முதல் டெஸ்லா ரோட்ஸ்டரைப் பாருங்கள். லோட்டஸ் எலீஸ் என்ற லேசான பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரை அடிப்படையாக வைத்துச் செய்தது, எடை சுமார் 1,300 கிலோதான். மின்சாரக் காரைச் சின்னதாகவும் லேசாகவும் செய்ய முடியும் என்பதற்கு அது ஆதாரம். பிறகு வந்தவர்கள் நீண்ட தூரத்தையும் பெரிய உடம்பையும் தேர்ந்தெடுத்தார்கள், சந்தை கேட்டதும் அதைத்தான். ஆகவே "மின்சாரம் போர், பெட்ரோல்தான் உயிர்" என்று யாராவது சொன்னால் நீங்கள் தலையாட்டாதீர்கள்.

பின்னோக்கிப் போனது நீங்கள் மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2016-இல் உங்கள் கேமன் இருக்கும் 718 வரிசைக்கு நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் வைத்தது போர்ஷே. சத்தம் பிடிக்கவில்லை என்று வாடிக்கையாளர்கள் விடாமல் சொன்னார்கள். 2020-இல் டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் 4 லிட்டர் எஞ்சினோடு ஜிடிஎஸ் திரும்பி வந்தது. உங்களிடம் இருப்பதே அப்படித் திரும்பி வந்த வண்டிதான். 2022-இல் அடுத்த 718 முழுக்க மின்சாரம் என்று அறிவித்தார்கள். 2025-இல், உயர்ந்த மாடல்களுக்குப் பெட்ரோல் எஞ்சினும் உண்டு என்று மாற்றிக்கொண்டார்கள். இடையில் டைக்கான் விற்பனை 2023-இல் 40,629, 2024-இல் 20,836.

மாடே ரிமாட்ஸின் கதை இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. குரோஷியாவில் தன் பழைய பி.எம்.டபிள்யூவின் எஞ்சின் வெடித்துப்போனதால் அதில் மின்மோட்டாரைப் பொருத்தியவர் அவர். அங்கிருந்து 1,914 குதிரைத்திறன் கொண்ட நெவேரா என்ற மின்சாரக் கார் வரை வந்தார். இன்று புகாட்டி என்ற அதிவேகக் கார் நிறுவனமும் அவர் பொறுப்பில் இருக்கிறது. அங்கே 2024-இல் அவர் வெளியிட்ட டூர்பியோன் என்ற காரில் இருப்பது நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும், டர்போ இல்லாத, 16 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கூடவே மூன்று மின்மோட்டார்கள். மின்சாரத்தை அவர் அளவுக்கு நம்பியவர்கள் குறைவு. ஆனந்தத்துக்காக வாங்கும் காரில் எஞ்சின் வேண்டும் என்று அவரே முடிவெடுத்திருக்கிறார்.

சரி, மனசாட்சி விஷயத்துக்கு வருகிறேன். பேட்டரி செய்யும்போது மாசு அதிகம் என்பது உண்மை. ஆனால் வண்டியின் ஆயுள் முழுவதையும் கணக்கில் எடுத்தால் ஐரோப்பாவில் மின்சாரக் கார்தான் குறைவாகக் கரியமில வாயு விடுகிறது. ஜெர்மனியின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்று, வெயில் போன்றவற்றிலிருந்து வருகிறது. செயற்கைப் பெட்ரோலுக்கு போர்ஷே பணம் போட்ட ஆலை சிலியின் தென்கோடியில் 2022 கடைசியில் திறக்கப்பட்டது. சோதனைக் கட்டத்தில் அதன் இலக்கு வருடத்துக்கு சுமார் 1,30,000 லிட்டர். வருடம் 500 லிட்டர் போடுகிறவர்கள் 260 பேருக்கு அது சரியாகிவிடும். நாளைக்கு வரும் என்று நண்பர்களிடம் சொல்லும் பதிலாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு வருத்தம் தந்தது உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வரும் ஒரு வரி. 9 கிலோமீட்டர் அலுவலகம். ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிற நகரம், சுற்றிலும் குன்று. கெட்ட காற்று வெளியே போக வழியில்லை. நெக்கார்டோர் சந்திப்பின் காற்று மோசமாக இருந்ததால்தானே 2019-இல் பழைய டீசல் வண்டிகளுக்கு நகரத்தில் தடை போட்டார்கள்? அந்தச் சாலையோரத்து வீடுகளில் குழந்தைகள் வளர்கிறார்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறும் வரை புகை சரியாகச் சுத்தமாகாமல்தான் வெளியே போகிறது. எஞ்சின் ஆயில் சரியான சூட்டுக்கு வருவதற்குள் நீங்கள் அலுவலகம் வந்து சேர்ந்திருப்பீர்கள். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். ஊருக்கும் கெடுதல், நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய எஞ்சினுக்கும் கெடுதல்.

கணக்கும் பாருங்கள். வருடத்தில் 220 வேலைநாள் என்றால் அலுவலகத்துக்கு மட்டும் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் என்று குறைத்து வைத்தாலும் 400 லிட்டர், லிட்டருக்கு 2.3 கிலோ கரியமில வாயு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதம் இரண்டு ஞாயிறு மலைக்குப் போனால் 3,500 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அனுபவித்து எரிக்கும் பெட்ரோலைவிட அதிகம், சிக்னலில் நின்று நின்று எரிகிறது. இதைத்தான் நான் ஏற்க மாட்டேன். அலுவலகத்துக்கு எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் போங்கள், இல்லையென்றால் ஒரு சின்ன மின்சாரக் காரை வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களிடம் முன்பு நீங்கள் சொன்னதெல்லாம் இன்றைக்கும் சரிதான், தொடர்ந்து சொல்லுங்கள். பள்ளிக்கூடம், கடை, அலுவலகம் என்று போகிற கோடிக்கணக்கான வண்டிகள் மின்சாரத்துக்கு மாறுவதுதான் பெரிய காரியம்.

மலைச்சாலையிலும் ஒரு வேண்டுகோள். அங்கே இருக்கும் ஊர்க்காரர்கள் வாரயிறுதி வண்டிகளின் சத்தத்தால் வெகுவாகப் பாதிக்கப்படுகிறார்கள். நீங்கள் வேறு விடியற்காலையில் போகிறீர்கள். ஊருக்குள் நுழையும்போது சைலன்சரின் ஸ்போர்ட் பொத்தானை அணைத்துவிட்டு, மேல் கியரில் மெதுவாகக் கடந்து போங்கள்.

ஜெர்மனியில் பருவகால நம்பர் பிளேட் கொடுக்கிறார்களே, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று கேமனுக்கு அதை வாங்கிவிடுங்கள். வரியும் காப்பீடும் அந்த மாதங்களுக்கு மட்டும் கட்டினால் போதும். மற்ற மாதங்களில் பொதுச்சாலையில் நிறுத்தக்கூட முடியாது, அதனால் ஒரு கராஜ் வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் ஆயில் மாற்றி, டேங்கை நிரப்பி, டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டிவைத்து, 12 வோல்ட் பேட்டரிக்கு மெயின்டனன்ஸ் சார்ஜரை மாட்டிவிடுங்கள்.

அன்புடன்