எண்ணெய்க் கசடு கலந்த மண்ணில் சாலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எண்ணெய்த் தொட்டிகளைத் துப்புரவு செய்யும்போது அடியிலிருந்து வாரும் கசட்டை மண்ணோடு கலந்து சாலை போடலாம் என்கிறார்களே, உண்மையா? (ஜூரோங் தீவில் பணிபுரிபவர்)

பதில்: போடலாம், ஆனால் வாரியபடியே அல்ல. அந்தக் கசட்டில் எண்ணெய், நீர், மணல், துரு எல்லாம் குழைந்து கிடக்கின்றன. சூடாக்கிச் சுழல்பொறியிலிட்டு, மீட்கக்கூடிய எண்ணெயைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் திடப்பொருளையே மண்ணோடும் சிமெண்டோடும் கலந்து, தாருக்குக் கீழே வரும் அடித்தளத்தில் இறுக்க வேண்டும். மேற்குச் சைபீரியாவில் எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது வெளிவரும் பாறைத் துகள்களும் இவ்வாறு சாலைக்குப் பயன்பட்டுள்ளன.

கேள்வி: எண்ணெய் பட்ட மணலில் சிமெண்ட் பிடிக்காது என்பது எங்கள் தளத்தில் எல்லாரும் அறிந்தது. மண்ணில் மட்டும் எப்படிப் பிடிக்கும்? (கட்டுமான மேற்பார்வையாளர், தெம்பனிஸ்)

பதில்: உங்கள் தளத்தில் சொல்வது சரி. எண்ணெய்ப் படலம் சிமெண்ட் துகளைச் சூழ்ந்துகொண்டால் நீர் உள்ளே செல்லத் தாமதமாகி, இறுகுவதும் தாமதமாகிறது. அளவு மிஞ்சினால் வலிமையே குறைந்துவிடுகிறது. ஆயினும் அதே படலம், குறைந்த அளவில், களிமண் நீரை உறிஞ்சுவதைத் தடுக்கிறது என்பதால், எவ்வளவு எண்ணெய் தங்கலாம் என்பதை ஒவ்வொரு மண்ணுக்கும் தனித்தனியே சோதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். எல்லா மண்ணுக்கும் ஒரே அளவு சொல்பவரை நான் நம்புவதில்லை. கனமான எண்ணெய் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். டீசல் போன்ற இலேசான எண்ணெயோ ஆவியாகவும் நீரோடும் வெளியேறப் பார்க்கும். கலவையை உருளையாக வார்த்து, 7 நாள் ஈரம் காயாமல் வைத்து, அந்த மாதிரியை நீரில் அமிழ்த்திப் பாருங்கள். விளிம்பு கூராக நின்றால் அழுத்த வலிமையை அளக்கலாம். விளிம்பு உதிர்ந்து, நீரின்மேல் வானவில் நிறப் படலம் மிதந்தால் கலவை தேறவில்லை, வலிமையை அளக்கும் அவசியமே இல்லை. காலாங் பகுதியில் உள்ளதைப் போன்ற ஈரமான கடற்களிமண் என்றால், முதலில் நீற்றாத சுண்ணாம்பைக் கலந்து ஈரத்தைக் குறைப்பது நலம். அப்போது எழும் சூட்டில் எண்ணெய் ஆவி கிளம்பும் என்பதால் அடைபட்ட இடத்தில் கலக்கவே கூடாது.

கேள்வி: இறுகிவிட்டால் நச்சு வெளியே வராதல்லவா? (யீஷூன் வாசகர்)

பதில்: ஈயம், நிக்கல் போன்ற உலோகங்களைச் சிமெண்டின் காரத்தன்மை பெரும்பாலும் கரையவிடாமல் பிடித்துவைக்கிறது. எண்ணெய்ச் சேர்மங்கள் அப்படிப் பிணைவதில்லை. உள்ளே அடைபட்டிருக்கின்றன, அவ்வளவே. கனரக வாகனங்களின் பாரத்தில் விரிசல் விட்டால் மழைநீர் புகுந்து அவற்றை வெளியே கொண்டுவந்துவிடும். ஆகவே நீரில் நச்சு கசிகிறதா என்று பார்க்கும் கசிவுநீர்ச் சோதனையும் கட்டாயம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு, குடிநீருக்காக மழைநீரைச் சேர்க்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி. பொதுச் சாலைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. வடிகால் நீரைத் தனியே பிடித்து எண்ணெயைப் பிரிக்கும் வசதியுள்ள ஆலையின் உட்சாலை என்றால் பரிசீலிக்கலாம். அதையும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கேள்வி: ஜொகூரிலுள்ள எங்கள் தோட்டத்து மண்பாதையில் புழுதி அடங்கப் பழைய எஞ்சின் எண்ணெய் தெளிக்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: வேண்டாம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்ற ஊரில் 1970களின் தொடக்கத்தில் புழுதிக்காகத் தெளித்த கழிவெண்ணெயில் டயாக்சின் என்ற கொடிய நச்சு கலந்திருந்தது. 1983இல் அரசு அந்த ஊரையே விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்ற முடிவெடுக்கும்படி ஆயிற்று. எண்ணெயை வாகனப் பட்டறையில் ஒப்படைத்துவிட்டு, பாதைக்குச் சரளை போடுங்கள்.